வேதியியலில் பத்தொன்பது

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரி அலுவலகத்தில் என் மேசைக்கு வந்திருக்கும் பெண். இந்த வருடத்திலிருந்து சேர்க்கைக்கு வரும் பிள்ளைகள் பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழை வீட்டிலிருந்தே கணினியில் ஏற்றிவிடுகிறார்களாம். தகுதி உண்டா இல்லையா என்று கணினியே பச்சையோ சிவப்போ காட்டிவிடுகிறதாம். வெளிமாநிலச் சான்றிதழ்கள் சிலவற்றுக்கு மட்டும் மஞ்சள் காட்டி, மனிதர் யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறதாம். "மஞ்சளைப் பார்த்தாலே பயமா இருக்குதுங்கம்மா. நீங்க எப்படிப் பார்ப்பீங்கன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க" என்றாள்.

ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

காங்கேயம் சாலையில் இருக்கும் ஒரு பார்மசி கல்லூரியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். தட்டச்சராகச் சேர்ந்து, அலுவலகக் கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். சேர்க்கைக்கு வருகிறவர்களின் சான்றிதழைச் சரிபார்ப்பதுதான் என் முக்கிய வேலை. எங்களுடைய இரண்டு வருட பார்மசி டிப்ளமாவில் சேர வேண்டுமென்றால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், அவற்றோடு உயிரியல் அல்லது கணிதம் படித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேறியிருக்க வேண்டும். இந்த வரியைத் தகவல் கையேட்டுக்காக வருடா வருடம் நான்தான் தட்டச்சு செய்தேன். அந்த நான்கு பாடங்களில் ஒன்றைக்கூட நான் பிளஸ் டூவில் படித்ததில்லை.

படிக்க ஆசை இருந்தது. நான் எட்டாவது படிக்கும்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், பல மாதங்கள் அரசு மருத்துவமனைக்கு நான்தான் மருந்து வாங்கப் போவேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா இருந்தார். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒவ்வொருவரிடமும் மாத்திரையைக் காட்டி, இது சாப்பாட்டுக்கு முன்னால், இது பின்னால் என்று சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார். நான் சரியாகத் திருப்பிச் சொன்னால் தலையை ஒரு பக்கமாக ஆட்டுவார். பெரிய பெரிய ஆட்கள் கைகட்டி நின்று அவர் சொல்வதைக் கேட்டார்கள். அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன். ஆனால் பத்தாவது முடித்ததும் என் அப்பா மூன்றாவது குரூப்பில், அதாவது வணிகவியலில் சேர்த்துவிட்டார். நாங்கள் குடியிருந்த மண்ணரையில் வீட்டின் முன்பகுதியில் அவர் நான்கு தையல் மிஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கணக்குப் படித்த பெண் கம்பெனி வேலைக்கு ஆவாள் என்று நினைத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நான் அழவும் இல்லை. அழுதிருக்கலாமோ என்று பிற்பாடு பல தடவை நினைத்திருக்கிறேன்.

கல்லூரி தொடங்கியபோது தட்டச்சர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அப்பாவின் மிஷின்களை விட்டுவிட்டு அங்கே போனேன். படிக்க முடியாத இடத்துக்குப் பக்கத்திலாவது இருக்கலாம் என்ற எண்ணம்தான். என் நாற்காலியிலிருந்து முதலாமாண்டு ஆய்வகத்தின் இரண்டு ஜன்னல்கள் தெரியும். பிள்ளைகள் கல்வத்தில் மருந்து அரைக்கும் சத்தம் கேட்கும். முப்பத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்ததில்லை.

சான்றிதழ் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் முதல்வர் அற்புதராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசமாட்டார். அவர் மேசையில் ஒரு அடி நீள எவர்சில்வர் ஸ்கேல் எப்போதும் இருக்கும். மதிப்பெண் சான்றிதழ் கைக்கு வந்ததும் அவர் முதலில் செய்வது, கடைசி வரியில் இருக்கும் 'தேர்ச்சி' என்ற சொல்லை ஸ்கேலால் மூடுவது. பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார். பாடத்தின் பெயர், எழுத்துத் தேர்வு மதிப்பெண், செய்முறை மதிப்பெண், மொத்தம். ஒரு வரி முடிந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. எல்லா வரியும் முடிந்த பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் விதிகளைப் படிப்பார். எந்த அடையாளத்துக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அதன் பிறகே ஸ்கேலை எடுத்துவிட்டு கடைசி வரியைப் பார்ப்பார்.

"கடைசி வரிய முதல்ல பாத்துட்டா மேல உள்ளதெல்லாம் சரின்னு தோணிப்போகும் ருக்மணியம்மா. கண்ணு நம்மள ஏமாத்தும்" என்று முதல் நாளே சொன்னார்.

தகுதியில்லாதவரிடம் இல்லை என்று சொல்வதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. காதர்பேட்டைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்த்த முருகேசன் என்பவர் ஒரு முறை வந்தார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். எந்த மருத்துவரின் கையெழுத்தையும் படிப்பார், எந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பிளஸ் டூவில் என்னைப் போலவே வணிகவியல். முதல்வர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சான்றிதழை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஸ்கேலை நகர்த்த நகர்த்த, பாடங்களின் பெயரை அவரையே படிக்கச் சொன்னார். பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் என்று படித்துக்கொண்டே வந்த முருகேசனின் குரல் கடைசியில் இறங்கிவிட்டது.

"பதினோரு வருசமா மாத்திரை எடுத்துக் குடுக்கேன் சார்" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல. தெரியும்னு இந்தத் தாளு சொல்லல, அவ்வளவுதான்" என்றார் முதல்வர். திறந்தநிலைப் பள்ளியில் அறிவியல் பாடங்களை எழுதிவிட்டு வரலாம், வயது வரம்பு கிடையாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எழுந்து வாசல் வரைக்கும் அவரோடு நடந்து போனார். முருகேசன் திரும்ப வரவில்லை. அந்த மாதிரி திரும்ப வராதவர்கள் நிறைய. ஒவ்வொரு ஜூனிலும் கூட்டத்தில் அவர்கள் முகங்களைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இனி சுனிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது பத்து வருடம் இருக்கும். சேர்க்கையின் கடைசி வாரம். மண்ணரையிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். தகப்பன் மகாதேவ், ஜார்க்கண்டிலிருந்து வந்து ஒரு நிட்டிங் கம்பெனியில் துணி பின்னும் மிஷின் ஓட்டுகிறவர். மகள் சுனிதா நான்கு வயதில் வந்தவள். பத்தாவது வரை மண்ணரையில் தமிழில் படித்திருந்தாள். வாயைத் திறந்தால் எங்கள் ஊர்ப் பேச்சு. பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் சொந்த ஊரில். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால், பார்த்துக்கொள்ள இவளும் கூடப் போயிருக்கிறாள். அம்மா தேறியதும் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

சான்றிதழை வாங்கினேன். ஆறு பாடங்கள் இருந்தன. கீழே தேர்ச்சி என்று இருந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. வேதியியலுக்கு மொத்தம் நாற்பத்தேழு. டிக் போட்டேன். ஸ்கேல் வைக்கவில்லை. தாளைத் திருப்பவில்லை. அன்று கூட்டம், அவசரம் என்று சொல்லலாம். ஆனால் எல்லா வருடமும்தான் கூட்டம் இருந்தது. இத்தனை வருடமாகப் பார்க்கிறோம், பார்த்தாலே தெரிந்துவிடும் என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டிருந்தது. உண்மை அதுதான்.

முதல்வருக்கு அப்போதுதான் கண் புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கோப்பைக் கொண்டுபோய் வைத்தேன். "உங்க டிக் இருக்குல்லா, போதும்" என்று கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் கடைசியில், சேர்ந்த பிள்ளைகளின் பட்டியலை அரசு ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் எழுத்துத் தேர்வுக்கும் செய்முறைக்கும் தனித்தனிக் கட்டம். சுனிதாவின் சான்றிதழை எடுத்து வேதியியல் வரியைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது கை நின்றுவிட்டது. எழுத்துத் தேர்வில் எழுபதுக்குப் பத்தொன்பது. செய்முறையில் முப்பதுக்கு இருபத்தெட்டு. மொத்தம் நாற்பத்தேழு. பத்தொன்பதுக்குப் பக்கத்தில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு சின்ன நட்சத்திரம். தாளைத் திருப்பினேன். எழுத்துத் தேர்வில் இருபத்துமூன்று எடுத்தால்தான் அந்தப் பாடத்தில் தேர்ச்சி. நட்சத்திரம் இருந்தால் தேறவில்லை என்று அர்த்தம். அந்த மாநிலத் தேர்வு வாரியத்தில் ஐந்து பாடங்களில் ஒன்று போனால் ஆறாவதாக எடுத்த கூடுதல் பாடம் அந்த இடத்துக்கு வந்துவிடும். சுனிதாவுக்கு உடற்கல்வி வந்திருந்தது. அதனால்தான் கீழே தேர்ச்சி. பிளஸ் டூ முடித்தவள் என்று சொல்லிக்கொள்ள அது போதும், பார்மசிக்குப் போதாது.

எதிரே ஜன்னலில் ஆய்வகம் தெரிந்தது. முதலாமாண்டுக்கு அன்று கேலமைன் லோஷன் தயாரிக்கும் வகுப்பு. இரண்டாவது மேசையில் சுனிதா வெள்ளைக் கோட்டோடு நின்று அரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெண் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே அரைத்தாள்.

அரைமணி நேரம் நான் ஒன்றும் செய்யவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. எனக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. அவள் இரண்டு வருடம் படித்து முடிப்பாள். எழுத்துத் தேர்வுக் கட்டத்தில் இருபத்தெட்டும் செய்முறைக் கட்டத்தில் பத்தொன்பதும் என்று மாற்றித் தட்டச்சு செய்தால், மொத்தம் அதே நாற்பத்தேழு. கைதவறிவிட்டது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். இதையெல்லாம் நினைத்தேன். பிறகு சான்றிதழை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன்.

அவர் மேசை மேல் சான்றிதழை வைத்து, அவருடைய ஸ்கேலையே எடுத்து வேதியியல் வரிக்குக் கீழே வைத்தேன். குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கையெழுத்து நான்தான போட்டிருக்கேன்?"

"ஆமாங்க சார். டிக் என்னோடதுங்க."

"அப்ப ரெண்டு பேரும் சேந்து பண்ணுன தப்பு" என்றார். அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் மூன்று தடவை பார்த்துவிட்டு, கீழே தேர்ச்சி என்றுதானே இருக்கிறது, மொத்தத்தை மட்டும் எழுதி அனுப்பிவிடலாம், யார் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறார்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை. சேர்ந்த பிள்ளையை வெளியே அனுப்புவதில் அவருக்கும் சங்கடம்தான்.

முதல்வர் சொன்னார்: "படிச்சு முடிச்சுட்டு மருந்தாளுநரா பதிவு பண்ணப் போவாள்லா, அங்க திருப்பிப் பாப்பாங்க. ரெண்டு வருசம் கழிச்சு அந்தப் பிள்ள இந்த வாசல்ல வந்து நின்னா யாரு பதில் சொல்லுதது? நீங்களா, நானா?"

அவரே கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார். நான்தான் சொல்வேன் என்றேன். வகுப்பு முடியட்டும் என்று ஆய்வக வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தவளின் விரலெல்லாம் லோஷன் ஒட்டி இளஞ்சிவப்பாக இருந்தது. ஆள் இல்லாத ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், உன் பிளஸ் டூ சான்றிதழில் வேதியியல் வரியில் ஒரு விஷயம் இருக்கிறது என்றேன்.

"பத்தொம்பதுங்களா மேடம்?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா கண்ணு?"

"தெரியுமுங்க. தமிழ்ல படிச்சுட்டு அங்க போயி ஹிந்தியில படிச்சப்ப கெமிஸ்ட்ரி ஒன்னுமே புரியலீங்க. ரிசல்ட்டுல பாஸ்னு வந்ததே எனக்கு ஆச்சரியந்தானுங்க." கோட்டு நுனியில் விரலைத் துடைத்துக்கொண்டாள். "அட்மிஷனுக்கு வந்தப்ப சொல்லலாம்னுதான் நெனச்சனுங்க. நீங்க பார்த்துட்டு டிக் போட்டீங்க. நீங்களே போட்டுட்டீங்க, அப்பப் பரவால்லை போலிருக்குதுன்னு விட்டுட்டனுங்க. கேட்டா மறுபடியும் பார்த்துருவீங்கன்னு பயமுங்க."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெயரை எடுக்க வேண்டும், வேதியியலை மட்டும் மறுபடி எழுதித் தேறினால் அடுத்த வருடம் புதிதாகச் சேரலாம், தப்பு என்னுடையது என்றேன். அவள் அழவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத ஊட்டுக்குக் கொண்டு போலாமுங்களா?"

அது உன்னுடைய கோட்டுதான் கண்ணு என்றேன்.

அன்று மாலையே அவளோடு மண்ணரைக்குப் போனேன். நான் பிறந்து வளர்ந்த இடம் என்றாலும் அந்தச் சந்துக்குள் அதுவரை போனதில்லை. வரிசையாகப் பத்து வீடுகள், எல்லா வீட்டிலும் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துணிக்குவியல், பெண்கள் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மகாதேவ் பகல் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். தலையிலும் மீசையிலும் பஞ்சு. நான் சொல்வதைச் சுனிதா அவள் அம்மாவுக்கு ஹிந்தியில் சொன்னாள். தன்னுடைய மதிப்பெண்ணைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. என்னுடைய தப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். சொல்லு என்றேன்.

மகாதேவ் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கல்லூரியில் கட்டிய பணம் முழுவதையும் திருப்பித் தர முதல்வர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றபோதுகூட அதை அவர் காதில் வாங்கவில்லை.

"மேடம், கதவு பூட்டியாச்சா, இல்ல சாத்தி மட்டும் வெச்சிருக்கா? அது மட்டும் சொல்லுங்க" என்றார்.

சாத்திதான் வைத்திருக்கிறது என்றேன்.

"அப்ப சரி. அவ படிப்பா."

தேர்வு பிப்ரவரியில், அவளுடைய ஊரில். ஐந்து மாதம் இருந்தது. பகலில் அவள் மண்ணரையிலேயே ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள், தைத்த பனியனில் ஓட்டை, அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். வேதியியல் விரிவுரையாளரிடம் கேட்டு இரண்டு புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தேன், ஒன்று தமிழில், ஒன்று ஆங்கிலத்தில். ஊரிலிருந்து கொண்டுவந்த ஹிந்திப் புத்தகம் அவளிடம் இருந்தது. தமிழில் படித்துப் புரிந்துகொண்டு, ஹிந்தியில் எழுதிப் பார்ப்பாள். என்னால் சொல்லித்தர ஒன்றும் முடியாது. நான் தமிழ்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வேன். அவள் பாடத்தைச் சொல்லச் சொல்ல, வரிக்கு வரி விரல் வைத்துச் சரிபார்ப்பேன். ஒரு சொல் விட்டாலும் நிறுத்துவேன். அர்த்தம் தெரியாமல் சரிபார்ப்பது எனக்குப் பழகிய வேலைதான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, மோல் என்ற பாடம். அவள் சொல்லிக்கொண்டே போனாள், நான் விரலை நகர்த்திக்கொண்டே வந்தேன். திடீரென்று நிறுத்தி, "மேடம், உங்களுக்கு இது புரியுதுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

எழுந்து போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பை நிறையச் சட்டைப் பட்டன் வாங்கிவந்தாள். "இது ஒரு குரோஸுங்க. ஒரு குரோஸ்னா எத்தனைங்க?"

"நூத்தி நாப்பத்தி நாலு." அப்பாவின் மிஷின்களுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அது தெரியாதா?

"ஆங். சின்ன பட்டனா இருந்தாலும், பெரிய பட்டனா இருந்தாலும் குரோஸ்னா நூத்தி நாப்பத்தி நாலுதான். எடை மட்டும் மாறும். மோலும் அதேதானுங்க மேடம். அணுவுக்கு ஒரு குரோஸ். அணு ரொம்பச் சின்னது, அதனால எண்ணிக்கை ரொம்பப் பெருசு. அவ்வளவுதானுங்க."

பையைக் கையில் வாங்கினேன். அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பெரிய வீட்டுக்கு வெளியே இத்தனை காலம் நின்றுவிட்டு, உள்ளே ஒரு அறையில் விளக்கு எரிவதைப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போது ஐம்பது வயது. "இன்னொரு தடவ சொல்லு கண்ணு" என்றேன். சொன்னாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பாடமும் எனக்கும் புரிந்த பிறகுதான் அடுத்ததற்குப் போனோம். எனக்குச் சொன்னால்தான் தனக்கும் நிற்கிறது என்றாள். வாரத்தில் ஆறு நாட்கள் நான் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். வீட்டில் என் கணவர்கூடக் கேலி செய்தார், பரீட்சை உனக்கா அந்தப் பிள்ளைக்கா என்று.

பிப்ரவரியில் அப்பாவும் மகளும் ரயிலேறினார்கள். முடிவு வந்த அன்று எனக்குப் போன் வந்தது. "இருபத்தொன்னுங்க மேடம்" என்றாள். இருபத்துமூன்று வேண்டும். பின்னால் மிஷின் சத்தம் கேட்டது, கம்பெனியிலிருந்து பேசினாள்.

அந்தக் கோடையில்தான் முதல்வர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரமெல்லாம் முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "அந்த மண்ணரைப் பிள்ள என்ன ஆச்சு?" என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன். ஒரு அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, "பத்தொம்பதுலேந்து இருபத்தொண்ணுக்கு வந்திருக்காள்லா" என்றார்.

ஜூன் வந்தது, கூட்டம் வந்தது, அவள் வரவில்லை. வரமாட்டாள் என்று தெரிந்தும் வாசலைப் பார்த்தேன். இனி விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். கம்பெனியில் அவளைச் செக்கிங்கிலிருந்து சூப்பர்வைசராக்கியிருந்தார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இருந்தது, நானும் போவதை நிறுத்தியிருந்தேன். தீபாவளி முடிந்து ஒரு நாள் அவளே அலுவலகத்துக்கு வந்தாள். சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு மறுபடி செக்கிங்குக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். சூப்பர்வைசர் என்றால் ஞாயிறும் போக வேண்டும், செக்கிங் என்றால் விடுமுறை.

"வர்றீங்களா மேடம்? நீங்க இல்லாம படிக்க முடியலீங்க" என்றாள்.

போனேன். இரண்டாவது தடவை முப்பத்தெட்டு எடுத்தாள்.

அந்த ஜூனில் முதல் நாளே வந்தாள். கூட வந்த மகாதேவ் சலவைச் சட்டை போட்டிருந்தார். புதுச் சான்றிதழை வாங்கி, கடைசி வரியை மூடி, ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேன் என்று நினைவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். மாலையில் அற்புதராஜ் அய்யாவுக்குப் போன் செய்து சொன்னேன். "பின்பக்கம் திருப்பிப் பாத்தீங்கல்லா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சுனிதா இரண்டு வருடம் என் ஜன்னலுக்கு எதிரே படித்தாள். முடித்தாள், பதிவும் செய்தாள். இப்போது காங்கேயத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தகத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை.

போன வருடம் நான் ஓய்வு பெற்றபோது வீட்டுக்கு வந்திருந்தாள். பழமும் சேலையும் வைத்துவிட்டு, அவற்றுக்கு மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். திறந்தநிலைப் பள்ளியின் பிளஸ் டூ விண்ணப்பம். என் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அவளே நிரப்பியிருந்தாள். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டங்களை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"இயற்பியல், வேதியியல், உயிரியல். நீங்களே டிக் போடுங்க மேடம். அப்பறம் நம்ம காலேஜுலயே சேந்துக்கலாமுங்க. வயசு வரம்பு இல்லைன்னு நீங்கதான எல்லாருக்கும் சொல்லுவீங்க?"

அவள் போன பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல நாட்கள் அப்படி உட்கார்ந்தேன். கை போகவில்லை. பயம் என்று முதலில் நினைத்தேன், பயமில்லை. என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, அதைக் காரணம் சொல்லலாம், ஆனால் அதுவும் காரணமில்லை. நான் ஆசைப்பட்டது பதினேழு வயதில் அந்தக் கதவுக்குள் போவதற்கு. விரலெல்லாம் மருந்து ஒட்ட, பக்கத்துப் பெண் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டே அரைப்பதற்கு. அந்தக் கட்டத்தில் டிக் போட்டால் எனக்குக் கிடைப்பது வேறு ஒன்று. அதை வாங்கிக்கொண்டு இதைத்தான் கேட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசி தேதி போய்விட்டது. சுனிதா போனில் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். சரிங்க மேடம் என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் புத்தகத்தை விடவில்லை. அந்தத் தமிழ் வேதியியல் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. காலையில் வீட்டு வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் படிக்கிறேன். பரீட்சை இல்லை, யாரும் கேட்கப்போவதில்லை. நாங்கள் இருவரும் முடித்த பாடங்கள் வரை சுலபமாக வந்துவிட்டேன். இப்போது கரிம வேதியியல். சுனிதா அதை வார நாட்களில் தானே படித்துக்கொண்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நாங்கள் தொடவே இல்லை. தனியாகப் படிக்கிறேன், மெதுவாகப் போகிறது. புரியாத இடத்தில் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவைக்கிறேன், அவள் வரும்போது கேட்கலாம் என்று. காங்கேயம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மருந்தகத்தில் ஞாயிறும் வேலை, வீட்டில் குழந்தை, அவள் வந்து மூன்று மாதமாகிறது. சில பக்கங்களில் எல்லா வரிக்கும் கோடு விழுந்துவிட்டது.